இருபத்தைந்தாம் நாள்

மார்ச் 9

அக்கா,

நான் போனை எடுப்பதில்லை என்று அம்மாவிடம் குறைப்பட்டுக்கொண்டாயாம். எடுக்க மாட்டேன். எடுத்தால் நீ பேசுவாய், நான் கேட்டுக்கொண்டிருப்பேன். முப்பத்து நாலு வருஷமாக அப்படித்தான் நடக்கிறது. கடிதத்தில் உன்னால் குறுக்கே புகுந்து பேச முடியாது. அதற்காகத்தான் எழுதுகிறேன்.

டிசம்பர் இருபத்தேழாம் தேதி என் பெண்டாட்டியை எதற்காக உன்னிடம் அழைத்துவந்தேன்? எங்கள் ஊரில் ஸ்கேன் எடுக்க இடமா இல்லை? "என் கையால பார்க்கிறேன், கூட்டிட்டு வா" என்று நீதான் சொன்னாய். நான்கு மணி நேரம் பஸ்ஸில் வந்தோம். வழியெல்லாம் அவளுக்கு வாந்தி. உன் ஸ்கேன் அறையில் படுத்துக்கொண்டு அவள் என்ன கேட்டாள் என்று உனக்கு நினைவிருக்கிறதா? "முகம் தெரியுதா அண்ணி?" நீ என்ன சொன்னாய்? "குழந்தை திரும்பிப் படுத்திருக்கு."

அந்த ஒரு வரியை அவள் எட்டு வாரம் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். "உங்கள மாதிரியே, காலையில எழுப்பினா திரும்பிப் படுத்துக்குது" என்று என்னைக் கேலி செய்தாள். மூக்குக் கண்ணாடிக் கடையில் தன்னோடு வேலை பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னாள்.

பிப்ரவரி இருபத்து மூன்றாம் தேதி இங்கே ஸ்கேன் எடுத்த டாக்டர் மிஷினை நிறுத்திவிட்டு என்னை மட்டும் வெளியே கூப்பிட்டார். மண்டையோடு உருவாகவில்லை, மூளை இல்லை, பிறந்தாலும் சில மணி நேரம்கூடத் தாங்காது என்றார். பிறகு உன் மையத்தின் ரிப்போர்ட்டை வாங்கிப் பார்த்தார். கடைசியில் பொடி எழுத்தில் ஒரு வரி: தலைப்பகுதி தெளிவாக இல்லை, இரண்டு வாரத்தில் மறு ஸ்கேன். "இதை எடுத்தவங்களுக்குத் தெரியாம இருந்திருக்காது" என்றார்.

உனக்குத் தெரிந்திருக்கிறது.

இருபத்தாறாம் தேதி, ஐந்தாம் மாசத்திலேயே மருந்து கொடுத்து அவளுக்கு வலி வரவழைத்தார்கள்; நான் பிரசவ அறைக்கு வெளியே நின்றேன். உயிர் வாழாது என்று தெரிந்தே ஒரு பிள்ளையைப் பெறுவதற்குப் பதினான்கு மணி நேரம் வலித்தது அவளுக்கு. பெண் குழந்தை. உனக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள், அதனால் எழுதுகிறேன்.

இனி என்னைத் தம்பி என்று கூப்பிடாதே.

*

மார்ச் 14

தம்பி,

அப்படித்தான் கூப்பிடுவேன். வேறு எப்படிக் கூப்பிடுவது என்று எனக்குத் தெரியாது.

ஆமாம், எனக்குத் தெரியும். முதல் நிமிஷத்திலேயே தெரிந்தது. பதினேழு வருஷமாக இந்த இருட்டு அறையில், சக்கரம் உடைந்த ஸ்டூலில் உட்கார்ந்து ஒரு நாளைக்கு இருபது வயிறு பார்க்கிறேன். பன்னிரண்டு வாரத்தில் தலை வட்டமாக, சுற்றிலும் வெள்ளைக் கோடு ஓட, நடுவில் ஒரு பிரிப்போடு தெரியும். அவளுக்கு நெற்றிக்கு மேலே அந்தக் கோடு இல்லை. கருவியைச் சாய்த்துப் பார்த்தேன், அழுத்திப் பார்த்தேன், அவளை ஒருக்களித்துப் படுக்கச் சொல்லிப் பார்த்தேன். கோடு வரவில்லை. அப்போதுதான் அவள் முகத்தைக் கேட்டாள். நான் திரையை என் பக்கம் திருப்பிக்கொண்டேன். வாயில் வந்ததைச் சொன்னேன்.

டாக்டரைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர், "பன்னிரண்டு வாரம்தானே ஆகுது, அவசரப்பட்டு எதுவும் சொல்லிடாதீங்க, ரெண்டு வாரம் கழிச்சுப் பார்த்துக்கலாம்" என்றார். படம் எடுப்பது என் வேலை. சொல்வது அவர் வேலை. சட்டம் அப்படி. ஆனால் நான் சட்டத்துக்குப் பயந்து வாயை மூடவில்லை, உன்னிடம் மறைக்க மாட்டேன். என் கையில் ஜெல், அவள் வயிற்றில் ஜெல், அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். எனக்கு வாய் வரவில்லை. மற்றவர்கள் என்றால் வந்திருக்கும்.

இப்போது நீ கேள். ஜனவரி பத்தாம் தேதி மறுபடி வரச் சொன்னேனா இல்லையா? மூன்று தடவை போன் செய்தேன். முதல் தடவை பள்ளிக்கூடத்தில் ஆய்வு என்றாய். இரண்டாவது தடவை அம்மா போனைப் பிடுங்கி, "சும்மா சும்மா ஸ்கேன் எடுத்தா புள்ளைக்கு ஆகாது, உனக்கு மிஷின் இருந்தா எங்களுக்கென்ன" என்றாள். மூன்றாவது தடவை நீ எடுக்கவே இல்லை. அந்த ரிப்போர்ட் உன் பீரோவில் எட்டு வாரம் கிடந்தது. பொடி எழுத்துதான். நீ பட்டம் வாங்கினவன், அதைப் படிக்க உனக்குப் பூதக்கண்ணாடி வேண்டுமா?

ஆனால் போனில் நான் என்ன சொன்னேன் என்பதும் நினைவிருக்கிறது. "ஒண்ணும் இல்லடா, ஒரு தடவை வந்துட்டுப் போங்க." அந்த "ஒண்ணும் இல்லடா" என்னுடைய தப்பு. முன்னால் சொல்லியிருந்தாலும் குழந்தை பிழைத்திருக்காது. ஆனால் அவளுக்கு அது உதைக்கத் தொடங்கும் முன்பே தெரிந்திருக்கும். பதினான்கு மணி நேரம் வலித்திருக்காது. அந்த அளவுக்கு நான் அவளுக்குக் கெடுதல் செய்துவிட்டேன். அவளுக்கு. உனக்கு இல்லை.

அவள் எப்படி இருக்கிறாள்? அதைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லையே நீ.

அக்கா

*

மார்ச் 19

அக்கா,

நன்றாகத்தான் எழுதுகிறாய். முதலில் மன்னிப்பு, அப்புறம் நடுவில் ஒரு குத்து, கடைசியில் மறுபடி மன்னிப்பு. ஊசி போட்டுவிட்டுப் பஞ்சு வைத்துத் தேய்க்கிற மாதிரி.

"ஒண்ணும் இல்லடா" என்று சொன்னால் ஒன்றும் இல்லை என்றுதான் யாரும் நினைப்பார்கள். ஜோசியமா பார்க்க முடியும்? அக்காவே பார்த்தாள், அக்காவே ஒன்றுமில்லை என்றாள் என்று நிம்மதியாக இருந்தேன். அது என் தப்பா?

எப்படி இருக்கிறாள் என்று கேட்கிறாய். நன்றாக இல்லை. சாப்பிட உட்காருகிறாள், சோற்றைப் பார்த்துக்கொண்டே இருக்கிறாள். பால் கட்டிக்கொண்டு மார்பு வலிக்கிறது என்று குளியலறையில் கதவைச் சாத்திக்கொள்கிறாள். கடை வேலையை விட்டுவிட்டாள். எழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டாள், நான் தடுக்கவில்லை. அந்தக் கடை வாசலில் மூன்று படி இருக்கிறதே, டிசம்பர் இருபத்து மூன்றாம் தேதி ஃபிரேம் பெட்டியைத் தூக்கிக்கொண்டு இறங்கும்போது வழுக்கி விழுந்தாள். உன்னிடம் வருவதற்கு நான்கு நாள் முன்னால். அதனால்தான் உடனே கிளம்பி வந்தோம். அந்தப் படியில் இனி கால் வைக்க மாட்டேன் என்கிறாள். அம்மாவும் அன்றிலிருந்து அதையேதான் சொல்கிறாள். "புள்ள உண்டாயிருக்கிறவ பொட்டி தூக்குவாளா? விழுந்ததுல தலையில அடிபட்டிருக்கு, அதான் தலை நிக்கல" என்று பார்க்க வருகிறவர்களிடமெல்லாம் சொல்கிறாள். வருகிறவர்களும் தலையாட்டிவிட்டுப் போகிறார்கள். அவள் பக்கத்திலேயே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறாள். ஒருவிதத்தில் அதுவும் நல்லதுதான். ஏன் என்று தெரியாமல் தவிப்பதைவிட ஏதோ ஒரு காரணம் கிடைத்தால் மனசு ஆறும் இல்லையா?

உன் மையத்தின் மேல் புகார் கொடுக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

*

மார்ச் 23

டேய்,

உன் கடிதத்தைப் பஸ்ஸில் படித்தேன். இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய்விட்டேன். நடந்து திரும்பி வந்தேன். வழியெல்லாம் உன்னைத்தான் திட்டிக்கொண்டு வந்தேன். எதிரே வந்தவர்கள் ஒதுங்கிப் போனார்கள்.

புகார் கொடு. தாராளமாகக் கொடு. நான் பார்த்தேன், சொல்லவில்லை என்று நானே கையெழுத்துப் போட்டுத் தருகிறேன். அது இருக்கட்டும். இப்போது ஒரு கணக்கு சொல்கிறேன், விலங்கியல் வாத்தியாரே, நோட்டை எடுத்துக்கொள்.

அவளுக்குக் கடைசியாக மாதவிலக்கு வந்தது அக்டோபர் ஐந்தாம் தேதி. ரிப்போர்ட்டில் இருக்கிறது, என் கையால் டைப் செய்தது. கரு உண்டானது அக்டோபர் பத்தொன்பது வாக்கில். மூளையும் தண்டுவடமும் உருவாகிற நரம்புக் குழலின் மேல்பக்கம், அதாவது தலைப்பக்கம், மூடிக்கொள்வது எத்தனையாவது நாளில்? சொல்லு. ஏறக்குறைய இருபத்தைந்தாம் நாள். கீழ்ப்பக்கம் இரண்டு மூன்று நாள் கழித்து. அப்படியென்றால் நவம்பர் பன்னிரண்டு, பதின்மூன்று. பிள்ளை உண்டாயிருக்கிறது என்று நீங்கள் கண்டுபிடித்ததே நவம்பர் இருபதாம் தேதி. அவள் படியில் விழுந்தது டிசம்பர் இருபத்து மூன்று. குழல் மூடாமல் போய் நாற்பது நாள் கழித்து!

அந்தக் குழந்தை அரிசி மணி அளவுகூட இல்லாதபோது, அது வயிற்றில் இருப்பதே யாருக்கும் தெரியாதபோது நடந்த விஷயம் அது. அவள் படியில் விழவே இல்லை, பஞ்சு மெத்தையிலேயே மூன்று மாசம் படுத்திருந்தாள் என்று வைத்துக்கொள். இதேதான் நடந்திருக்கும்.

இது எனக்குத் தெரிவது பெரிதில்லை. உனக்குத் தெரியும்! நீ இதைத்தான் வருஷா வருஷம் பாடம் நடத்துகிறாய். உன் ஆய்வகத்தில் முட்டையை அடைகாக்க வைத்து, ஓட்டில் ஜன்னல் வெட்டி, முப்பத்து மூன்று மணி நேரக் கோழிக் கருவைப் பிள்ளைகளுக்குக் காட்டுகிறாய். தட்டையான தகடு இரண்டு ஓரமும் எழும்பி, உள்ளே வளைந்து, நடுவில் ஒட்டிக்கொண்டு, அங்கிருந்து மேலேயும் கீழேயும் மூடிக்கொண்டு போகும் என்று கையை மடக்கிக் காட்டுவாய். போன வருஷம் எனக்கே போனில் அரை மணி நேரம் சொன்னாய். "தவளை, பல்லி, கோழி, நாம, எல்லாருக்கும் இந்த இடத்துல ஒரே வழிதான்க்கா, கோழிக்கு ஒன்றரை நாள், நமக்கு நாலு வாரம், அவ்வளவுதான் வித்தியாசம்" என்றாய். குக்கர் சத்தத்தில் பாதி காதில் விழவில்லை, ஆனாலும் கேட்டுக்கொண்டிருந்தேன்.

அப்படிப்பட்டவன், அம்மா ஊரைக் கூட்டி உன் பெண்டாட்டியைக் கொலைகாரி ஆக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தாயா? "அதுவும் நல்லதுதான்" என்று எழுத உனக்குக் கை கூசவில்லை? யார் மனசு ஆறுகிறது அதில்? அவள் மனசா? உன் மனசா?

வருகிற ஞாயிற்றுக்கிழமைக்குள் அம்மாவையும் அவளையும் உட்கார வைத்து இதைச் சொல். தாளில் போட்டுக் காட்டு. நீ சொல்லாவிட்டால் அதற்கடுத்த ஞாயிறு நான் வந்து சொல்வேன். வாசலில் நின்று சொல்வேன், அக்கம்பக்கம் கேட்கச் சொல்வேன். என் தொண்டை எப்படிப்பட்டது என்று உனக்குத் தெரியும்.

அக்கா

*

மார்ச் 29

அக்கா,

இன்று ஞாயிற்றுக்கிழமை. சொல்லவில்லை.

மிரட்டாதே. வந்தால் வா. ஆனால் வருவதற்கு முன் இதைப் படித்துவிட்டு வா. நான்கு தடவை எழுதிக் கிழித்தேன்.

எனக்கு அன்றே தெரியும். டாக்டர் "மண்டையோடு உருவாகலை" என்று சொன்ன அந்த நிமிஷமே என் தலைக்குள் அந்தத் தேதி ஓடியது. படியில் விழுந்ததற்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று எனக்குச் சொல்ல நீ தேவையில்லை. அவளைக் கட்டிலிலிருந்து எழுப்பி வெளியே அழைத்துவந்தபோது அவள்தான் முதலில் கேட்டாள், "நான் விழுந்ததனாலயா?" நான் பதில் சொல்லவில்லை. அக்கா, நான் ஆமாம் என்று சொல்லவில்லை. பதில் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

போன ஜூனில் அவளை ஒரு டாக்டரம்மாவிடம் காட்டினோம். பிள்ளை வேண்டுமென்று இருந்தால் இன்றிலிருந்தே ஃபோலிக் அமில மாத்திரை போட வேண்டும், உண்டான பிறகு தொடங்கினால் பாதிப் பலன் போய்விடும் என்று சீட்டு எழுதிக் கொடுத்தார். மாத்திரையும் வாங்கினேன். அவள் பிரிக்கப் போனபோது நான்தான் சொன்னேன். "முதல்ல தங்கட்டும், அப்புறம் போட்டுக்கலாம். இப்பவே மாத்திரை மருந்துன்னு ஆரம்பிக்காதே." ஏதோ பெரிய மனிதன் மாதிரி சொன்னேன். அவளும் சரி என்று வைத்துவிட்டாள். அந்த அட்டை பிரிக்காமலே என் மேஜை டிராயரில் கிடக்கிறது.

அந்த மாத்திரை எதற்குக் கொடுக்கிறார்கள் என்று எனக்குத் தெரியாதா? பாடப் புத்தகத்திலேயே இருக்கிறதே. அந்தக் குழல் மூடுவதற்குத்தான்.

படி இல்லை என்று நான் சொன்னால் அடுத்த கேள்வி என்ன வரும்? அப்போது எது என்று கேட்பார்கள். கேட்டால் அவள் அந்த மாத்திரையை நினைப்பாள். அம்மா படியைப் பிடித்துக்கொண்டாள். நான் விட்டுவிட்டேன்.

போதுமா? இப்போது வந்து வாசலில் நின்று கத்து.

*

ஏப்ரல் 1

தம்பி,

போதாது.

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். இரண்டாவது தடவை உன்மேல் இரக்கம் வந்தது. மூன்றாவது தடவை போய்விட்டது.

மாத்திரையைப் பற்றி உள்ளதைச் சொல்கிறேன். போட்டிருந்தால் வராமல் இருந்திருக்க நிறைய வாய்ப்பு உண்டு. போட்டும் வந்தவர்களை நான் இந்த அறையில் பார்த்திருக்கிறேன். போடாமல் நாலு பிள்ளை நல்லபடியாகப் பெற்றவர்களையும் பார்த்திருக்கிறேன். உன் பிள்ளைக்கு எது என்று எந்தக் கொம்பனாலும் சொல்ல முடியாது. அது தெரியாது. ஆனால் படி இல்லை என்பது தெரியும். தெரிந்ததை மறைத்துவிட்டுத் தெரியாததற்குப் பயந்துகொண்டிருக்கிறாய்.

நானும் பயந்துதான் ஒரு பொய் சொன்னேன். அது எட்டு வாரம் ஓடியது. உன்னுடையது இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. தினமும் காலையில் எழுந்து நீ அதை மறுபடி சொல்கிறாய், வாயைத் திறக்காமலே.

ஏப்ரல் ஐந்து ஞாயிறு. அதற்கு மேல் ஒரு நாள் தர மாட்டேன்.

அக்கா

*

ஏப்ரல் 6

அக்கா,

நேற்றுச் சொல்லிவிட்டேன்.

மத்தியானம் சாப்பிட்டு முடித்து, தட்டெல்லாம் எடுத்த பிறகு, மேஜையிலேயே ஒரு தாளைப் போட்டு வரைந்தேன். வகுப்பில் வரைகிற அதே படம். கோடு கோணலாகப் போனது. ஒவ்வொரு நாளாக எழுதினேன். இருபத்தைந்தாம் நாளுக்குக் கீழே நவம்பர் பதின்மூன்று என்று போட்டேன். நாற்பது நாள் தள்ளி, டிசம்பர் இருபத்து மூன்று என்று போட்டேன். "விழுந்ததுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல" என்றேன்.

அம்மாதான் முதலில் வாயைத் திறந்தாள். "படிச்சவன், நீ சொன்னா சரியாத்தான் இருக்கும். அப்ப எதனாலடா?" என்றாள். மாத்திரை விஷயத்தையும் சொன்னேன். நீ சொன்ன மாதிரி, தெரியாது, ஆனால் இருக்கலாம் என்றேன்.

அவள் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அழுவாள் என்று நினைத்தேன். விரலை அந்தப் பதின்மூன்றில் வைத்துக்கொண்டு கேட்டாள். "இது உங்களுக்கு எப்பத்திலேர்ந்து தெரியும்?"

"ஸ்கேன் எடுத்த அன்னிக்கே."

அவள் விரல்விட்டு எண்ணினாள். "நாப்பத்தொரு நாள்" என்றாள். "நாப்பத்தொரு நாள் உங்க பக்கத்துலதான் படுத்திருந்தேன். ஒரு நாள்கூட வாய் வரலியா உங்களுக்கு? மாத்திரையைக்கூட நான் மன்னிச்சிருப்பேன். தெரியாம சொன்னீங்கன்னு விட்டிருப்பேன். ஆனா நான் என் பிள்ளையைக் கொன்னுட்டேன்னு நினைச்சுக்கிட்டு இருந்தேனே, அதைப் பார்த்துக்கிட்டு எப்படிங்க சாப்பிட்டீங்க?"

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். மேஜையில் இருந்த தண்ணீர் ஜக்கை எடுத்து என்மேல் வீசினாள். குறி தப்பவில்லை. நெற்றியில் இரண்டு தையல். அம்மா "ஐயோ" என்று கத்தினாள். அவள் அம்மா பக்கம் திரும்பி, "நீங்க பேசாதீங்க அத்தை. உங்களுக்கு இன்னொரு ஜக்கு இல்ல இங்க" என்றாள்.

இன்று காலை பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அவள் அம்மா வீட்டுக்குப் போகவில்லை, கேட்டுவிட்டேன். உனக்கு ஏதாவது தெரிந்தால் சொல். கடிதம் வேண்டாம், போன் செய். எடுக்கிறேன்.

*

ஏப்ரல் 10

தம்பி,

போன் செய்ய மாட்டேன். இப்போது நீ எழுதிப் பழகு.

அவள் இங்கேதான் இருக்கிறாள். திங்கட்கிழமை மத்தியானம் வீட்டுக்கு வராமல் நேராக ஸ்கேன் மையத்துக்கு வந்தாள். வரிசையில் டோக்கன் வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பெயர் கூப்பிட்டு உள்ளே வந்தபோதுதான் நான் பார்த்தேன். கதவைச் சாத்திவிட்டு எனக்கு விட்டாள் பார், ஒரு அறை. இடது காது இன்னும் விண்ணென்கிறது. வாங்கிக்கொண்டேன். அது எனக்கு வரவேண்டியதுதான்.

அப்புறம் கேட்டாள். "குழந்தையை எனக்குக் காட்டல. நர்ஸ் காட்டட்டுமான்னு கேட்டாங்க. நான் வாயைத் திறக்கிறதுக்குள்ள அவர் வேண்டாம்னுட்டாரு. உங்க மிஷின்ல இருக்கா அண்ணி?" நீ இதையும் என்னிடம் எழுதவில்லை. எத்தனை விஷயத்தைத்தான் அவளுக்குப் பதிலாக நீ முடிவு செய்வாய்?

இருந்தது. டிசம்பரில் எடுத்ததை நான் அழிக்கவில்லை. வெளியே இருந்தவர்களைக் காத்திருக்கச் சொல்லிவிட்டு ஓடவிட்டேன். இந்தத் தடவை திரையை அவள் பக்கம் திருப்பினேன். எதையும் தாண்டாமல் ஒவ்வொன்றாகச் சொன்னேன். இது இதயம், நிமிஷத்துக்கு நூற்று அறுபது. இது முதுகெலும்பு, முத்துக் கோத்த மாதிரி, சரியாக இருக்கிறது. இது தொடை எலும்பு. இது கை, ஐந்து விரலும் இருக்கிறது, எண்ணிக்கொள். பிறகு தலை. இங்கே இருக்க வேண்டியது இல்லை, பார் என்றேன். அவள் எழுந்து திரைக்குப் பக்கத்தில் போய்ப் பார்த்தாள். "கையை அசைக்குது" என்றாள். ஆமாம் என்றேன். ஒன்பது நிமிஷப் படம். இரண்டு தடவை பார்த்தாள். அதற்குப் பிறகுதான் அழுதாள். உன் முன்னால் அழாததற்குக் காரணம் எனக்குப் புரிந்தது.

என் முன்னறையில் படுத்துக்கொள்கிறாள். என்னோடு அதிகம் பேசுவதில்லை. நேற்று என் மூக்குக் கண்ணாடியைப் பிடுங்கி, "இவ்வளவு கோணலா மாட்டிக்கிட்டா எப்படி ஸ்கேன்ல ஒழுங்கா தெரியும்?" என்று திட்டிக்கொண்டே நேராக்கிக் கொடுத்தாள். அவ்வளவுதான் இதுவரை.

கூப்பிட வராதே. அவளாகச் சொல்லும்வரை வராதே.

அக்கா

*

ஏப்ரல் 17

அக்கா,

வரவில்லை. அவளிடம் கொடுக்கச் சொல்லி ஒரு கடிதம் எழுதினேன், பிறகு அனுப்பவில்லை. அதில் பாதி நான் எப்படித் தவிக்கிறேன் என்பதாகவே இருந்தது. கிழித்துவிட்டேன்.

இது அம்மாவைப் பற்றி. உனக்கு எழுதாமல் முடியவில்லை.

அவள் போனதிலிருந்து அம்மா என்னோடு பேசவில்லை. கோபம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். புதன்கிழமை பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது அந்தத் தாளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் அன்று வரைந்த தாள். குப்பையில் போட்டிருப்பாள் என்று நினைத்திருந்தேன்.

"உனக்கும் அவளுக்கும் நடுவுல ஒண்ணு இருந்துச்சுடா" என்றாள். உனக்கும் எனக்கும் நடுவில். ஏழு வருஷ இடைவெளி ஏன் என்று நாம் என்றாவது கேட்டிருக்கிறோமா? ஏழாம் மாசம். மாடிக்கு வாளியில் தண்ணீர் தூக்கிக்கொண்டு ஏறினாளாம். மறுநாள் வலி எடுத்துவிட்டதாம். பிறந்ததைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். இவளுக்குக் காட்டவில்லை. "தலை சரியில்ல" என்று யாரோ வெளியே பேசியது மட்டும் காதில் விழுந்ததாம். அப்பாவின் அக்கா வந்து கட்டில் பக்கத்தில் நின்று, "வாளி தூக்கியே கொன்னுட்டியேடி" என்றாளாம். அப்பா பக்கத்தில் இருந்தார். ஒன்றும் சொல்லவில்லையாம்.

சொல்லிவிட்டு அந்தத் தாளை என்னிடம் நீட்டினாள். "இதுல என்னோடது எந்த நாளுடா?" என்று கேட்டாள்.

அக்கா, இந்தத் தடவை மறைக்கவில்லை, நிஜமாகவே தெரியவில்லை. என்ன சொல்வது?

தம்பி

*

ஏப்ரல் 22

தம்பி,

எனக்கு அப்போது ஐந்து வயசு. அம்மாவுக்குக் காய்ச்சல் என்று சொல்லி என்னைப் பக்கத்து வீட்டில் விட்டார்கள். திரும்பி வந்தபோது மாடிக்குத் தண்ணீர் தூக்க வேறு ஆள் வைத்திருந்தார்கள். அதற்குமேல் எனக்கு எதுவும் தெரியாது.

உள்ளதைச் சொல். அது என்ன குழந்தை, எதனால் என்று இனி யாராலும் சொல்ல முடியாது. பார்த்தவர்கள் யாரும் இப்போது இல்லை. யாரோ வாசலில் பேசிய இரண்டு வார்த்தையை வைத்துக்கொண்டு நாம் புதிதாக ஒரு கதை கட்ட வேண்டாம். ஆனால் தலைதான் சரியில்லை என்றால், அது அவளுக்கும் நாலாவது வாரத்திலேயே முடிந்துபோன விஷயம். ஏழாம் மாசத்து வாளிக்கு அங்கே வேலையே இல்லை. வாளி தூக்கினால் தலை நிற்காது என்றால் உலகத்தில் பாதிப் பேர் பிறந்திருக்க மாட்டார்கள். இதைச் சத்தமாகச் சொல். அவளுக்கு வலது காது கொஞ்சம் மந்தம்.

என் கோபம் தீரவில்லை என்பதையும் சொல். அம்மாவை நினைத்தால் பாவமாக இருக்கிறது. அடுத்த நிமிஷமே பற்றிக்கொண்டு வருகிறது. அந்தக் கல்லைத் தூக்கிக்கொண்டு முப்பத்தாறு வருஷம் நடந்தவள், அதன் கனம் தெரிந்தவள், அதை இறக்கி இந்தப் பெண் தலையிலா வைப்பாள்? அப்பா வாயைத் திறக்கவில்லை, நீயும் திறக்கவில்லை. நான் பொய்க்கு மட்டும் திறந்தேன். நல்ல குடும்பம்.

உன் கடிதத்தை உன் பெண்டாட்டியிடம் கொடுத்தேன். கொடுக்கலாமா என்று உன்னைக் கேட்கவில்லை, இனி அவளிடம் மறைத்து எதையும் செய்வதாக இல்லை. சமையலறையில் நின்றபடியே படித்தாள். அடுப்பில் பால் பொங்கி வழிந்தது, அணைக்கவில்லை. "அத்தைக்கும் காட்டலியா?" என்றாள். பிறகு அடுப்பை அணைத்துவிட்டு, "அவங்க என்னைச் சொன்னதை நான் மறக்க மாட்டேன் அண்ணி" என்றாள். மறக்க வேண்டாம் என்றேன். அடுப்பைத் துடைத்தாள். துடைத்துக்கொண்டே, "சனிக்கிழமை எத்தனை மணிக்குப் பஸ்?" என்று கேட்டாள்.

காலை ஏழரை வண்டியில் வருகிறாள். நானும் கூட வருகிறேன். சாயங்காலமே திரும்பிவிடுவோம்.

அம்மாவைப் பார்க்க வருகிறாள். உன்னைப் பார்க்க இல்லை. இதை அப்படியே எழுதச் சொன்னாள், எழுதிவிட்டேன். வீட்டில் இருக்கலாமா கூடாதா என்று நீ கேட்பாய் என்று தெரிந்து அதையும் கேட்டுவைத்தேன். "இருக்கட்டும். ஆனா நான் கேட்டா மட்டும் பேசட்டும்" என்றாள்.

கேட்டால் பேசு.

அக்கா